4×5 நெகட்டிவ்வை எவ்வளவு பெரிதாக அச்சிடலாம்?

கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசுவரர் கோயிலின் கருங்கல் முகப்பை எஃப் 22 லென்ஸ் துவாரத்திலும், பேரை வாவியை அதைவிடச் சிறிய எஃப் 45 துவாரத்திலும், 4×5 அங்குலக் கறுப்பு வெள்ளைத் தாள் பிலிமில் எடுத்திருக்கிறீர்கள். இரண்டையும் பிளாட்பெட் ஸ்கேனரில் அங்குலத்துக்கு 4800 என்று வைத்து ஸ்கேன் செய்தபோது, 22,800க்கு 18,000 பிக்சல் கொண்ட கோப்புகள் கிடைத்துள்ளன. அச்சிடும் கடைக்காரர் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில், 76 அங்குல அகலம் தாராளமாக வரும் என்றிருக்கிறார். உங்கள் நண்பரோ 16×20 அங்குலத்தைத் தாண்டினால் படம் உடைந்துவிடும் என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி என்று நீங்கள் கேட்டாலும், அதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. ஸ்கேனர் எழுதித் தந்த எண்ணை நம்பலாமா, நம்ப முடியாது என்றால் வேறு எதை வைத்து அளவைத் தீர்மானிப்பது என்பதே அது. அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் இங்கே விரிவாகப் பதில் எழுத முயல்கிறேன்.

காத்திருக்க வைக்காமல் விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். கோயில் முகப்புப் படம் குவியம் பிசகாமல், கமெரா அசையாமல் எடுக்கப்பட்டிருந்தால், மூக்கை ஒட்டிப் பார்த்தாலும் குறை தெரியாத அச்சு 24×30 அங்குலம் வரை கிடைக்கும். சுவரில் மாட்டி ஒரு மீற்றருக்கு அப்பால் நின்று பார்ப்பதற்கு 40×50 அங்குலம் வரை போகலாம். 76 அங்குலமும் அச்சாகும், தொலைவில் நின்று பார்க்கும்போது அழகாகவும் இருக்கலாம், ஆனால் 4×5 பிலிமில் படம் எடுப்பவர் எதற்காக அவ்வளவு பாடுபடுகிறாரோ அந்த நுணுக்கம் கிட்டப் போனால் அதில் இருக்காது. வாவிப் படத்தின் கதை வேறு, அதைப் பின்னர் சொல்கிறேன். நான் பல ஆண்டுகள் இருட்டறையிலும், அதன்பின் ஸ்கேனரோடும் இன்க்ஜெட் அச்சுப்பொறியோடும் கொழும்பில் தொழில் செய்தவன். உங்கள் நெகட்டிவ்களை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து நான் பார்க்கவில்லை என்பதால், கீழே வரும் எண்களில் சில உறுதியானவை, சில என் கைப்பழக்கத்தின் கணிப்பு. எது எது என்று ஆங்காங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

ஸ்கேனரின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணும், அது உண்மையில் பிரித்துக் காட்டும் நுணுக்கமும் ஒன்றல்ல என்பது உறுதியான விடயம். 4800 என்பது அதன் உணரி ஓர் அங்குலத்துக்குள் எத்தனை இடங்களில் மாதிரி எடுக்கிறது என்பதை மட்டுமே குறிக்கிறது. உணரிக்கும் பிலிமுக்கும் இடையே ஒரு கண்ணாடித் தட்டு, சில ஆடிகள், ஒரு சிறிய லென்ஸ் ஆகியவை இருக்கின்றன, இவற்றைக் கடந்து வரும்போது பிலிமில் இருந்த நுண்கோடுகள் மங்கிப்போகின்றன. எப்சன் வி700 முதல் வி850 வரையான ஸ்கேனர்களை நன்றாகச் சரிசெய்து சோதித்தவர்கள் பெரும்பாலும் அங்குலத்துக்கு 2300ஐ அண்டிய உண்மை நுணுக்கத்தையே கண்டிருக்கிறார்கள், என் கையில் இருந்ததும் அதற்கு மேல் தந்ததில்லை. சரிசெய்யாமல் பெட்டியிலிருந்து எடுத்தபடியே பயன்படுத்தினால் 2000க்கும் கீழே போவது சாதாரணம். ஆகவே உங்கள் கோப்பில் இருக்கும் ஏறத்தாழ 41 கோடிப் பிக்சல்களில் நாலில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை புதிதாக எதையும் சொல்லாதவை, பக்கத்துப் பிக்சல் சொன்னதையே திருப்பிச் சொல்பவை. கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். 4×5 பிலிமில் படம் பதியும் பரப்பு ஏறத்தாழ 95க்கு 120 மில்லிமீற்றர், அதாவது 3.75க்கு 4.75 அங்குலம். 2200 என்ற மிதமான எண்ணை எடுத்துக்கொண்டால் உண்மையான நீளம் 10,450 பிக்சல், அகலம் 8,250. இதை 300ஆல் வகுத்தால் சுமார் 27×35 அங்குலம் வருகிறது. கடைக்காரரின் 76 அங்குலத்தில் உண்மை நுணுக்கம் அங்குலத்துக்கு 137 மட்டுமே.

இதனால் 4800இல் ஸ்கேன் செய்தது வீண் வேலை என்று நினைக்க வேண்டாம். 4800இல் எடுத்து, பிறகு கணினியில் பாதியாகச் சுருக்கினால், நேரடியாக 2400இல் எடுத்ததைவிடச் சற்றுத் தெளிவான, இரைச்சல் குறைந்த கோப்பு கிடைப்பதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். 16 பிற் சாம்பல் நிறத்தில் உங்கள் முழுக் கோப்பு ஏறத்தாழ 820 மெகாபைட் இருக்கும், சுருக்கியபின் 205 மெகாபைட் போதும், கணினியும் மூச்சுவிடும்.

ஸ்கேனர் சரியாகக் குவிகிறதா என்பதை நீங்களே சோதித்துவிடலாம். 1951ஆம் ஆண்டின் அமெரிக்க விமானப் படைத் தரத்தில் வரும் கோட்டுத் தகடு ஒன்று கிடைத்தால் நல்லது. கறுப்பும் வெள்ளையுமான கோட்டுச் சோடிகள் மில்லிமீற்றருக்கு எத்தனை வரை தனித்தனியாகத் தெரிகின்றன என்று எண்ணி, அதை 50.8ஆல் பெருக்கினால் அங்குலத்துக்கான உண்மை எண் வந்துவிடும். மில்லிமீற்றருக்கு 45 சோடி தெரிந்தால் 2300 என்று பொருள். தகடு இல்லாவிட்டால், உங்களிடமுள்ள மிகக் கூர்மையான நெகட்டிவ்வின் ஒரு மூலையை, பிலிம் தாங்கியின் உயரத்தைச் சிறிது சிறிதாக மாற்றி நான்கைந்து முறை ஸ்கேன் செய்து ஒப்பிடுங்கள். இந்த ஸ்கேனர்களில் தானாகக் குவிக்கும் வசதி இல்லை. அரை மில்லிமீற்றர் உயர வித்தியாசமே கூர்மையை மாற்றிவிடும். கொழும்பின் ஈரக்காற்றில் 4×5 தாள் பிலிம் நடுவில் தொட்டில்போல வளைந்து நிற்கும், அதனால் ஓரங்கள் கூர்மையாகவும் நடுப்பகுதி மங்கலாகவும் வருவதுண்டு. அதைத் தட்டையாக்கக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தால் நியூட்டன் வளையங்கள் எண்ணெய் படிந்ததுபோல் தோன்றும். மேற்பரப்பு சற்றுச் சொரசொரப்பாக்கப்பட்ட கண்ணாடியை பிலிமின் பளபளப்பான பக்கத்தில் வைப்பது ஒரு வழி, ஸ்கேனுக்கென்று விற்கும் திரவத்தில் பிலிமை நனைத்து ஒட்டுவது இன்னொரு வழி. இரண்டாவது நல்ல பலன் தரும், ஆனால் கை பழகும்வரை அரியதொரு நெகட்டிவ்வில் அதைச் செய்து பார்க்காதீர்கள்.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். ஸ்கேனர் அகப்பைதான், சட்டி நெகட்டிவ். அதில் எவ்வளவு இருக்கிறது என்பதைத் தீர்மானிப்பவை பிலிம், லென்ஸின் துவாரம், குவியம், அசைவு ஆகிய நான்கும். பிலிமைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. கொடாக் டீ-மெக்ஸ் 100 போன்ற பிலிமுக்கு நிறுவனமே தந்திருக்கும் அளவு, மிகக் கடுமையான ஒளிவேறுபாட்டில் மில்லிமீற்றருக்கு 200 கோட்டுச் சோடிகள், மெல்லிய ஒளிவேறுபாட்டில் 63. கோயிற் கருங்கல்லின் மேற்பரப்பு இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. துவாரத்தைச் சுருக்கும்போது, ஒளி அதன் விளிம்பில் விரிந்து பரவுவதால் நுணுக்கம் குறைகிறது, இது எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸானாலும் தப்ப முடியாத இயற்பியல். 1500ஐ எஃப் எண்ணால் வகுத்தால் உச்சவரம்பு ஏறத்தாழத் தெரியும். எஃப் 22இல் 68 சோடி, எஃப் 32இல் 47, எஃப் 45இல் 33, எஃப் 64இல் 23. பிலிமின் வரம்பும் லென்ஸின் வரம்பும் சேரும்போது கிடைப்பது இரண்டையும்விடக் குறைவாகவே இருக்கும். எனவே எஃப் 22இல் எடுத்த உங்கள் கோயில் நெகட்டிவ்வில் 35 முதல் 45 சோடி வரை இருக்கலாம் என்பது என் கணிப்பு. நல்ல பிளாட்பெட் ஸ்கேனர் எடுக்கக்கூடியதும் ஏறத்தாழ அவ்வளவுதான் என்பதால், ஸ்கேனர் உங்களை அதிகம் ஏமாற்றவில்லை என்று ஆறுதல் கொள்ளலாம். எஃப் 45இல் எடுத்த வாவிப் படத்தில் 33க்கு மேல் இருக்க வழியே இல்லை, அதற்கு அங்குலத்துக்கு 1700 போதும், அதன் மேல் எவ்வளவு உயர்ந்த எண்ணில் ஸ்கேன் செய்தாலும் பிலிமில் இல்லாதது வந்துவிடாது.

இந்தப் பாடத்தை நான் காசு கொடுத்துத்தான் கற்றேன். தொழில் தொடங்கிய புதிதில், காலிமுகத்திடலில் விடியற்காலையில் எடுத்த ஒரு 4×5 படத்தை 40×50 அங்குலத்தில் அச்சிட்டுத் தருவதாக வாடிக்கையாளர் ஒருவரிடம் ஒப்புக்கொண்டேன். கோப்பு பெரிது, திரையில் முழுப் படமாகப் பார்க்கும்போது கத்திபோல் இருந்தது, அதில் மயங்கிப்போனேன். முன்னால் கிடக்கும் கல்லிலிருந்து அடிவானத்துக் கப்பல் வரை எல்லாமே குவியத்தில் இருக்க வேண்டும் என்ற பேராசையில் எஃப் 64இல் எடுத்திருந்தேன், கடற்காற்றில் முக்காலியும் மெல்ல நடுங்கியிருக்க வேண்டும். அச்சு வெளியே வந்தபோது அதில் எந்த இடமும் தவறாக இல்லை, எந்த இடமும் கூர்மையாகவும் இல்லை, முழுவதும் பனி படிந்ததுபோல் இருந்தது. பருத்தித் தாளை மாற்றி, கூர்மையாக்கலைக் கூட்டி மறுபடி அச்சிட்டேன். கப்பலின் விளிம்பில் வெள்ளைக் கோடு முளைத்ததுதான் மிச்சம். கடைசியில் அதையே 20×25 அங்குலத்தில் கொடுத்தபோது வாடிக்கையாளர் மகிழ்ந்தார், இரண்டு பெரிய தாள்களின் செலவு என் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து நெகட்டிவ்வை ஒளிப்பெட்டியில் வைத்து எட்டு மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்காமல் யாருக்கும் அளவு சொல்வதில்லை. கண்ணாடியில் கூர்மையாகத் தெரியாதது அச்சில் கூர்மையாக வராது.

நண்பர் 16×20 என்று சொன்னது எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. 35 மில்லிமீற்றர் பிலிமில் பழகியவர்களுக்கு அந்த அளவு ஏற்கெனவே எல்லை. அந்த நெகட்டிவ் 24க்கு 36 மில்லிமீற்றர், அதை 8×12 அங்குலமாக்க எட்டரை மடங்கு பெருக்க வேண்டும். அதே எட்டரை மடங்கை 4×5இல் போட்டால் 32×40 அங்குலம் வந்துவிடும். அதாவது 35 மில்லிமீற்றரில் எடுத்த 8×12 அச்சு ஒன்றில் நீங்கள் கண்ட மணித்தன்மை (பிலிமின் வெள்ளித் துகள்கள் புள்ளி புள்ளியாகத் தெரிவது) எவ்வளவோ, அதே பிலிம் வகை என்றால், 32×40இல் அவ்வளவுதான் தெரியும். பரப்பில் 4×5 பிலிம் 13 மடங்கு பெரிது என்பதன் பொருள் இதுவே. ஆனால் இந்த ஒப்பீடு மணிக்கு மட்டுமே முழுமையாகப் பொருந்தும். கூர்மைக்கு அப்படியே பொருந்தாது, ஏனெனில் 35 மில்லிமீற்றர் கமெராவில் எஃப் 8இல் எடுப்பவர், 4×5இல் எஃப் 22க்கும் அதற்கு மேலும் போக வேண்டியிருக்கிறது.

கண்ணுக்கு எவ்வளவு தேவை என்பதைத் தூரம் தீர்மானிக்கிறது. சாதாரணப் பார்வையுள்ள கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறியும் என்று எடுத்துக்கொண்டால், 10 அங்குலத் தூரத்தில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 344 பிக்சல் வேண்டும், மூன்று அடியில் 95, எட்டு அடியில் 36 போதும். 300 என்ற எண்ணைக் கடைக்காரர்கள் வேதவாக்காகச் சொல்வது, கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கான கணக்கை எல்லாவற்றுக்கும் பொருத்துவதால்தான். நியூயோர்க்கின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தில் 1950 முதல் 1990 வரை கொடாக் நிறுவனம் வைத்திருந்த கலராமா படங்கள் 18 அடி உயரமும் 60 அடி அகலமும் கொண்டவை. அவற்றின் அருகே ஏணி வைத்து யாரும் பார்க்கவில்லை என்பதால் குறை தெரியவில்லை. உங்கள் வீட்டில் நிலைமை எப்படி என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டித் தொடர்மாடிகளில் கூடத்தின் அகலமே பத்து, பன்னிரண்டு அடிதான், அதில் சோபாவுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினால் 40×50 அங்குலப் படத்தை எட்டு அடியிலிருந்து பார்ப்பீர்கள், கண்ணுக்கு வேண்டியதைவிட ஐந்து மடங்கு நுணுக்கம் அதில் இருக்கும். அதையே அறைகளுக்கு இடைப்பட்ட ஒடுக்கமான நடையில் மாட்டினால் மூன்று அடிக்கு மேல் பின்னால் போக இடமில்லை. இன்னொன்றும் உண்டு. தூரத்தில் நின்று பார்க்க வேண்டிய படம் என்று கணக்குப் போட்டு அச்சிட்டாலும், கற்சிற்பம் நிறைந்த படத்தின் முன் வருபவர்கள் தூரத்தில் நிற்பதில்லை. கண்காட்சிகளில் கவனித்துப் பாருங்கள், முதலில் பின்னால் நின்று பார்ப்பார்கள், பிறகு ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மூக்கு தொடும் தூரத்துக்குப் போவார்கள். ஆகவே கோயில் முகப்புக்கு நான் 200க்குக் கீழே இறங்க மாட்டேன். 10,450ஐ 200ஆல் வகுத்தால் 52 அங்குலம் வருகிறது, முன்னர் சொன்ன 40×50 அங்கிருந்து வந்ததுதான்.

அச்சிடும் இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொழும்பில் பெரிய அளவில் அச்சிடும் கடைகள் பல, ஆனால் அவற்றில் பெரும்பாலானவை விளம்பரப் பதாகைக்கு வினைல் துணியில் அச்சிடுபவை. அந்த இயந்திரத்தில் உங்கள் நெகட்டிவ்வின் நுணுக்கம் பாதிகூட வெளியே வராது. பிக்மென்ட் மை (நிறமித் துகள் கொண்ட மை), பருத்தித் தாள் அல்லது பரைற்றா தாள் (பேரியம் சல்பேற்றுப் பூச்சுள்ள தாள்) என்று கேட்டு விசாரியுங்கள். தாள்சுருளின் அகலம் 24 அங்குலமா 44 அங்குலமா என்பதையும் கேளுங்கள், பல நேரங்களில் அளவைத் தீர்மானிப்பது கணக்கல்ல, அந்தச் சுருள்தான். 44 அங்குலச் சுருளில் 40×50 ஓரம் விட்டு அழகாக அடங்கும். எப்சன் அச்சுப்பொறி என்றால் கோப்பை 360 பிக்சலுக்கும், கனன் என்றால் 300க்கும் நீங்களே மாற்றி, இறுதிக் கூர்மையாக்கலை அந்த அளவில் செய்து கொடுங்கள். ஸ்கேனரின் மென்பொருளில் உள்ள கூர்மையாக்கல் அணைக்கப்பட்டிருக்க வேண்டும். சொரசொரப்பான பருத்தித் தாள் சிறு மங்கலை மன்னித்துவிடும், பரைற்றா தாள் எதையும் மறைக்காது.

தூசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அகச்சிவப்பு ஒளியால் தூசியைக் கண்டுபிடித்து நீக்கும் வசதி கறுப்பு வெள்ளை பிலிமில் வேலை செய்யாது, ஏனெனில் படத்தை உருவாக்கும் வெள்ளியே அந்த ஒளியையும் மறித்துவிடுகிறது. ஒவ்வொரு புள்ளியையும் கையால் அழிக்க வேண்டும், 40×50இல் ஒரு கடுகுத் தூசி பயறளவு தெரியும். உங்கள் பிலிம்கள் அலுமாரியில் கிடந்து பூஞ்சணம் பிடித்திருந்தால் அளவைக் குறைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். இனி எடுப்பவற்றைச் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாப் பெட்டியில் வையுங்கள்.

செயற்கை நுண்ணறிவு மென்பொருளால் பெரிதாக்கினால் 76 அங்குலமும் கூர்மையாக வருமே என்று கடைக்காரர் சொல்லக்கூடும். வரும், அதை மறுக்கவில்லை. ஆனால் அது நெகட்டிவ்வில் இருந்ததை வெளியே கொண்டுவருவதல்ல, அங்கே என்ன இருந்திருக்கலாம் என்று ஊகித்து வரைவது. புறக்கோட்டைத் தெரு ஒன்றின் படத்தை அப்படிப் பெரிதாக்கிக் கொண்டுவந்த ஒருவரின் அச்சில், தூரத்துக் கடைப் பலகைகளில் தமிழும் அல்லாத சிங்களமும் அல்லாத எழுத்துகள் மிகக் கூர்மையாக நின்றதை நான் பார்த்தேன். கோயில் தூணில் சிற்பி செதுக்காத கொடியொன்றை மென்பொருள் செதுக்கிவைத்தால் அது உங்கள் படமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். வானம், நீர், பனி போன்ற இடங்களில் இதன் தீங்கு குறைவு. நான் பயன்படுத்துவது சாதாரணப் பெருக்கமும், மிக மெல்லிதாகச் சேர்க்கும் மணியும் மட்டுமே. மணி இருந்தால், கூர்மை குறைந்த இடத்திலும் கண் எதையோ பற்றிக்கொள்கிறது.

இவ்வளவு கணக்குக்குப் பிறகும், என் இறுதி நம்பிக்கை துண்டு அச்சில்தான். கோப்பை 40×50 அங்குலத்துக்கு, அச்சாக வேண்டிய அதே பிக்சல் எண்ணில் மாற்றுங்கள். அதிலிருந்து ஏ4 அளவில் மூன்று துண்டுகளை வெட்டியெடுங்கள். முதலாவது நீங்கள் குவியம் வைத்த இடம், இரண்டாவது குவியத்திலிருந்து மிக விலகிய மூலை, மூன்றாவது நிழலும் மெல்லிய சாம்பலும் கலந்த இடம். ஒரு துண்டு முழுப் படத்தின் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு, மூன்றுக்கும் சேர்த்து ஆகும் செலவு முழு அச்சோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. பெரிய அச்சுக்குத் தெரிவு செய்த அதே தாளிலேயே அவற்றை அச்சிடச் சொல்லுங்கள். படம் தொங்கப்போகும் சுவரில், தொங்கப்போகும் உயரத்தில், அந்த அறையின் வெளிச்சத்திலேயே ஒட்டிவைத்து இரண்டு நாள் போக வரப் பாருங்கள். முதல் பார்வையில் குறையாகப்பட்டது இரண்டாம் நாள் மறந்துபோவதும் உண்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்தது உறுத்தத் தொடங்குவதும் உண்டு. மூலைத் துண்டுதான் பெரும்பாலும் தீர்ப்புச் சொல்லும். அது பிடிக்கவில்லை என்றால் 32×40க்கு இறங்கி மறுபடி துண்டு எடுங்கள்.

76 அங்குலத்தை நீங்கள் விட்டுக்கொடுக்க விரும்பாவிட்டால் வேறு ஸ்கேன் முறைகள் இருக்கின்றன. பிலிமை உருளையில் ஒட்டிச் சுழற்றி ஸ்கேன் செய்யும் டிரம் ஸ்கேனர், பிலிமில் இருப்பதை ஏறக்குறைய முழுவதும் எடுத்துவிடும், ஆனால் எஃப் 22இல் எடுத்த நெகட்டிவ்வில் அது கூடுதலாகத் தரக்கூடியது கொஞ்சமே, அந்தக் கொஞ்சத்துக்காக மூல நெகட்டிவ்வை வேறொரு நாட்டுக்குத் தபாலில் அனுப்ப எனக்கு மனம் வராது. ஹசல்பிளாட்டின் ஃபிளெக்ஸ்டைட் வகை ஸ்கேனர்கள் 35 மில்லிமீற்றரில் பெரிய எண்களைத் தந்தாலும், 4×5இல் 2040 வரைதான் போகும், ஆனால் அது பொய்யில்லாத 2040. வீட்டிலேயே செய்யக்கூடியது, 24 மெகாபிக்சல் டிஜிற்றல் கமெராவும் மேக்ரோ லென்ஸும் கொண்டு ஒளிப்பெட்டியில் வைத்த நெகட்டிவ்வைப் பகுதி பகுதியாக எடுத்து ஒட்டுவது. சுமார் 12 படங்களில், ஒன்றின்மேல் ஒன்று படியும்படி எடுத்தால், அங்குலத்துக்கு 2800 வரை கிடைக்கும். கமெராவும் நெகட்டிவ்வும் சமாந்தரமாக இருக்க வேண்டும் என்பதே அதிலுள்ள முழுச் சிரமமும். நிறப் பிலிமில், குறிப்பாக அடர்ந்த சிலைட் பிலிமில், டிரம் ஸ்கேனருக்கும் மற்றவற்றுக்கும் உள்ள வித்தியாசம் நிழற்பகுதிகளில் பெரிதாகத் தெரியும், ஆனால் என் அனுபவம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் என்பதால் அதில் நான் அதிகாரத்தோடு பேச மாட்டேன்.

அச்சுக்குப் பிறகான செலவையும் பாரத்தையும் பலர் யோசிப்பதில்லை. 40×50 அங்குலத்துக்கு 3 மில்லிமீற்றர் கண்ணாடி மட்டுமே பத்துக் கிலோவை நெருங்கும், சட்டமும் பின்பலகையும் வேறு. தென்மேற்குப் பருவமழை பெய்யும் மே முதல் செப்டெம்பர் வரை கடற்கரைப் பக்கத்து வெளிச்சுவர்கள் ஈரம் கசியும், அங்கே மாட்டிய பெரிய தாள் அலையலையாக நெளியும். உட்சுவரைத் தெரிவு செய்து, சட்டத்தின் பின்னால் சிறு இறப்பர் வில்லைகள் ஒட்டிக் காற்றோட விடுங்கள். தாள் கண்ணாடியில் முட்டாதபடி இடையே அட்டை மவுண்ட் இருக்க வேண்டும், ஒட்டிப்போனால் பிரித்தெடுக்க முடியாது.

எல்லாப் படமும் பெரிதாக வேண்டுமென்று விரும்புவதில்லை என்பதையும் உங்கள் இரண்டாவது நெகட்டிவ்வை முன்னிட்டுச் சொல்ல வேண்டும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 8×10 அங்குல நெகட்டிவ்வைத் தாளோடு ஒட்டிவைத்து அதே அளவில் அச்சிட்டவர். 1879இல் நம் மலைநாட்டில் இறந்து பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்ட பிரித்தானியப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் 15×12 அங்குலக் கண்ணாடித் தகடுகளில் எடுத்த முகங்களும் தகட்டின் அளவிலேயே அச்சிடப்பட்டவை, அவற்றில் பல குவியத்தில்கூட இல்லை. உங்கள் வாவிப் படத்தில் எஃப் 45இல் நீண்ட நேரம் திறந்து வைத்திருப்பீர்கள், நீர் பட்டுப்போல் மழுங்கியிருக்கும், கரையோரக் கட்டடங்கள் மட்டுமே கூர்மைக்கு உரியவை. 33 சோடி என்ற வரம்புக்குள் அது 24×30 வரை கணக்கில் தாக்குப்பிடிக்கும், ஆனாலும் நானாக இருந்தால் 16×20இல் அகலமான வெள்ளை மவுண்டுக்குள் வைத்து, கோயில் படத்திலிருந்து வேறொரு சுவரில் மாட்டுவேன். உங்கள் நண்பர் சொன்ன அளவு அந்த ஒரு படத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது.